ஆறுதல் காலம்

மிதவையில் காலை ஆறரைக்குச் சொல் கொடுக்கும் வரிசை தொடங்கிவிடும். தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினோரு கடல்மைல் தள்ளி நிற்கும் இரும்புத் தீவு அது. கடலை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, குடிநீரைக் குழாயில் கரைக்கு அனுப்பும். நானூறு பேர் வேலை செய்தார்கள். பல் தேய்த்த வாயோடு வரிசையில் நின்று, தொண்டையில் பூட்டியிருக்கும் குரல்பட்டையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். இன்னார் பேசுகிறேன். இன்று வேலைக்கு வந்திருக்கிறேன். நாளையும் வருவேன். பட்டையில் பச்சை விழுந்தால் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு நகரலாம். சளி பிடித்தவர்கள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் கனைத்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

பேச்சியம்மாளுக்கு எப்போதும் ஒரே தடவையில் பச்சை விழும். "பேருலயே பேச்ச வச்சிருக்கா, அவளுக்கு விழாம வேற யாருக்கு விழும்" என்பார்கள். ஒன்பது வருடமாக அவள் வடிசவ்வு கழுவுகிறாள். மெம்பிரேன் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். சுருட்டிய பாய்போல இருக்கும். அதில் படியும் பாசியை அமிலம் விட்டுச் சுரண்ட வேண்டும். இருபத்தைந்து நாள் கடலில், ஐந்து நாள் கரையில்.

அன்றைக்கு அவள் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்தினாள். மூன்றாவதற்கு இயந்திரம் காத்திருந்தது.

"நாளை வர மாட்டேன். வேலையை விட்டு விலகுகிறேன்."

பச்சை விழுந்தது. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரே பச்சைதான். பின்னால் யாருடைய கையிலிருந்தோ தட்டு தவறி விழுந்தது.

கையெழுத்து செத்து முப்பது வருடம் ஆகியிருந்தது. எவன் கையெழுத்தையும், எவன் முகத்தையும், எவன் கடிதத்தையும் இயந்திரம் அச்சு அசலாகச் செய்துவிடும் என்று ஆன பிறகு, சில வருடம் நாட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. பத்திரங்கள் குப்பையாயின. கடைசியில் போலி செய்ய முடியாத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உயிருள்ள மனிதன் பேசும்போது தொண்டை எலும்பில் ஓடும் அதிர்வு. அதைப் பிடிக்கப் பட்டை வந்தது, பட்டைக்குப் பின்னால் சொல்லுறுதிச் சட்டம் வந்தது. பட்டையில் ஏறியது சொல், ஏறாதது சத்தம். ஒன்றாம் வகுப்பிலேயே இதைப் பிள்ளைகள் பாட்டாகப் பாடுகிறார்கள். வேலையில் இருப்பவர்களுக்குப் பட்டை கழுத்தோடு பூட்டியிருக்கும்; விரலால் அழுத்தாவிட்டாலும் பேசுவதையெல்லாம் பிடித்துக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் தேவைப்படும்போது அலுவலகத்தில் தொங்கும் பொதுப்பட்டையைக் கட்டிக்கொள்வார்கள்.

பேச்சியம்மாள் வேலையை விட்டது ஒரு படத்தால். போன விடுப்பில் மகள் செல்லக்கனி பள்ளியில் வரைந்ததைக் காட்டினாள். ஆறு வயது. வீடு, வீட்டுக்குள் கனி, பக்கத்தில் அவளை வளர்க்கும் பெரியம்மா. தாளின் மூலையில் நீலமாகக் கிறுக்கி, அதன்மேல் ஒரு புள்ளி. இது யாருட்டி என்று கேட்டதற்கு, "மிதவையம்மா" என்றாள். பள்ளிப் பதிவில் பொறுப்பாளர் குரலாக இருந்ததும் பெரியம்மா வடிவின் குரல்தான். கனியின் அப்பன் ஒடிசாப் பக்கம் வேறொரு மிதவையில் வேறொருத்தியோடு இருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

மனிதவள அதிகாரி ஜெபராஜ் அவளை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்தார்.

"புள்ளைக்காகப் போறீங்க. யாரு தடுப்பா? முப்பது நாள் ஆறுதல் காலம். அதுவரைக்கும் பட்டை கழுத்துல இருக்கும். சொன்ன சொல்லுக்கு மாறா எதுவும் சொல்லலைன்னா முப்பதாம் நாள் தானா கழண்டுரும். கரையிலயே இருந்துக்கலாம்."

சூடு ஆறுவதற்கான காலம் என்ற பொருளில் சட்டத்தை எழுதியவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். தமிழில் அதற்கு இன்னொரு பொருள் இருப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலும். தேநீர் முடிந்ததும் ஜெபராஜ் தலையை மட்டும் ஆட்டினார். 'பார்ப்போம்' என்றுகூடச் சொல்லவில்லை. அது ஏன் என்று பேச்சியம்மாளுக்கு அப்போது தோன்றவில்லை.

மதியப் படகுக்குப் பையோடு இறங்குமிடத்துக்கு வந்தாள். வாசலில் மிக்கேல் அண்ணாச்சி நின்றார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. விடுப்புக்குப் போகும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அனுப்பிவைப்பார்.

"என்ன பேச்சி, கெளம்பியாச்சா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரேயடியா கெளம்பியாச்சு."

"சந்தோசம்மா. நல்லபடியாப் போயிட்டு வா." கும்பிட்டார்.

"வாரேன் அண்ணாச்சி, போயிட்டு வாரேன்."

படகு நகர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் பட்டை ஒருமுறை பச்சையாக மினுங்கியதை அவளால் பார்க்க முடியாது. அவர் பார்த்தார்.

நான்காம் நாள் காலை கனிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பட்டை பேசியது. முதலில் வந்தது அவளுடைய குரலே. "வாரேன் அண்ணாச்சி, போயிட்டு வாரேன்." கனி கைகொட்டிச் சிரித்தாள். பிறகு வேறொரு குரல், அவசரமில்லாமல், "பணிக்குத் திரும்பும் உறுதி பதிவாகியுள்ளது. விலகலை நிறுவனம் ஏற்கவில்லை. ஏழு நாளில் திரும்பாவிட்டால் சொல் தவறியவராக அறிவிக்கப்படுவீர்கள்" என்றது.

சொல் தவறியவரின் தொண்டையை எந்தப் பட்டையும் ஏற்காது. வீடு பிடிக்க முடியாது, ஆஸ்பத்திரியில் சேர முடியாது, பிள்ளைக்குப் பொறுப்பேற்க முடியாது. உயிரோடு இருக்கலாம். அவ்வளவுதான். பேச்சியம்மாள் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுச் சொல்மன்றத்துக்கு ஓடினாள்.

சொல்மன்றத்தில் நீதிபதி கிடையாது. தீர்வி என்ற இயந்திரம் உண்டு. அதைத் துடைத்து, தண்ணீர் குடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒரு எழுத்தர் உண்டு. விசாரணை நாளில் நிறுவனத்தின் சார்பில் ஜெபராஜ் வந்திருந்தார். சாட்சியாக மிக்கேல் அண்ணாச்சி. அவளைப் பார்த்ததும் அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

தீர்வி பதிவைப் போட்டுக் காட்டியது. "'போயிட்டு' என்பது முடியும் செயல். 'வாரேன்' என்பது அதற்கடுத்த செயல். பேசியவர் போவார், பிறகு வருவார். வேறு பொருள் இல்லை."

"அய்யா, அது சும்மா சொல்லுதது." இயந்திரத்தை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவள் அய்யா என்றாள். "எங்க பக்கம் யாரும் போறேன்னு சொல்ல மாட்டாவ. அது சாவப்போறவன் சொல்லுத வார்த்த. கலியாண வீட்டுலேருந்து கெளம்புதவன்கூட போயிட்டு வாரேன்னுதான் சொல்லுவான். மறுபடி வந்து தாலி கட்டவா போறான்?"

எழுத்தர் சிரித்துவிட்டு, தன் கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சும்மா சொல்வது என்றொரு வகை சட்டத்தில் இல்லை" என்றது தீர்வி.

"எந்தப் பொஸ்தகத்துல வேணாலும் பாருங்க."

"புத்தகம் எழுத்து. எழுத்து சாட்சியாகாது. உயிருள்ள தொண்டை ஒன்று இந்த வழக்கத்தை உறுதி செய்யலாம்."

அவள் மிக்கேலைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க போயிட்டு வான்னு சொன்னது வேலைக்கு வான்னா சொன்னிய?"

ஜெபராஜ் மென்மையாகக் குறுக்கிட்டார். "தாராளமா சொல்லட்டும். ஆனா அவரு தினமும் காலையில 'நாளையும் வருவேன்'னு சொல் கொடுக்கிறவரு. வாரேன்னா வர மாட்டேன்னும் அர்த்தம் உண்டுன்னு சொன்னாருன்னா, அவரோட சொல் என்னாகும்னு அவரே யோசிச்சுக்கட்டும்."

மிக்கேல் வாயைத் திறக்கவில்லை. எழுத்தரும் திறக்கவில்லை. அந்த அறையில் பட்டை இல்லாத தொண்டை ஒன்றுகூட இல்லை.

"நான் அவர்ட்டதான சொன்னேன். கம்பெனிட்டயா சொன்னேன்?" அவள் குரல் உயர்ந்தது.

"'போயிட்டு வாரேன்' என்பதில் எங்கே என்பது இல்லை. யாரிடம் என்பதும் இல்லை. இடம் குறிக்காத சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தும்."

"அப்போ எம்புள்ளகிட்ட சொன்னாலும்?"

"பொருந்தும்."

விலகல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. விரும்பினால் அங்கேயே புதிதாக விலகலாம். புதிதாக முப்பது நாள். அதற்குள் மறுபடி தவறினால் நிலைப்பணி. ஏழு வருடம் மிதவையை விட்டு விலகும் உரிமை கிடையாது. ஏழு வருடத்தில் கனிக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்கும். பேச்சியம்மாள் எழுந்து நின்று, பட்டையை அழுத்தி, மறுபடி சொன்னாள். பச்சை விழுந்தது.

வெளியே நடைவழியில் மிக்கேல் லிஃப்டுக்காக நின்றிருந்தார்.

"திட்டணும்னா திட்டிரும்மா" என்றார்.

"தெரிஞ்சுதான் சொன்னியளா அண்ணாச்சி?"

"எனக்கு வேலை என்னன்னு நெனைக்க? நீங்கல்லாம் செக்யூரிட்டிங்கிய. கம்பெனில என் வேலைக்குப் பேரு வழியனுப்புநர்."

"ஒம்பது வருசமா ஒவ்வொரு லீவுக்கும் வாசல்ல நின்னு..."

"ஒம்பது வருசம் பழக்கினாத்தானம்மா ஒருநா தானா வாயில வரும்." அவர் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. "நானும் ரெண்டு தடவ வேலைய விட்டேன். மொத தடவ இதே மாதிரி வாசல்ல. ரெண்டாந் தடவ ஆஸ்பத்திரில, எம் பொண்டாட்டிகிட்ட. காப்பி வாங்கப் போனேன். வாரேன்னுட்டேன். முப்பதுக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. அவ போனப்போ நான் மிதவைல இருந்தேன்."

லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய்த் திரும்பி நின்றார். இரண்டு கையும் தானாகக் கூடின. "சரிம்மா. பாத்துப் போயிட்டு வா."

அது வேலையா பழக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பதில் அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள். உதட்டில் உப்புக் கரித்தது.

"போறேன்" என்றாள்.

மிக்கேல் அடி வாங்கியவர்போலப் பின்வாங்கி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கதவு மூடியது.

வீட்டில் முதல் நாளே சண்டை. பால் வாங்கக் கிளம்பியவள் நிலையில் நின்று "போறேன்" என்றதும் அக்கா வடிவு அகப்பையோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"வாசல்ல நின்னுக்கிட்டு என்ன வார்த்தட்டி அது? வெளங்குமா?"

"அக்கா, வேற சொல்லக் கூடாது. சொன்னா ஏழு வருசம்."

"அப்ப ஊமையாட்டம் போ. அதச் சொல்லாத."

ஊமையாகப் போய்ப் பார்த்தாள். அது அதைவிட மோசம். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால் கனி தெருவுக்கு ஓடிவந்து அலறினாள். மாதாமாதம் இருபத்தைந்து நாள் காணாமல் போகிறவளை அம்மாவாகப் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்? அதனால் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போறேன்.

"வாரேன்னு சொல்லு" என்று கனி சேலையைப் பிடித்துத் தொங்கினாள்.

பேச்சியம்மாள் பிள்ளையின் பலகையை எடுத்து 'வருவேன்' என்று எழுதிக் காட்டினாள். கனி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு உள்ளங்கையால் அழித்தாள். "எழுத்த நம்பக் கூடாது. யாரு வேணாலும் எழுதலாம். டீச்சர் சொல்லிருக்காவ."

"அவ வந்துருவாட்டி, நான் சொல்லுதேன்" என்றாள் வடிவு.

"அது நீங்க சொல்லுதது பெரியம்மா. அம்மா சொல்லு இல்ல."

ஆறு வயதில் சட்டம் அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. பேச்சியம்மாள் வெளியே போவதைக் குறைத்தாள். ஆனாலும் தண்ணீர் வரிசைக்குப் போகத்தான் வேண்டும். பதினொன்றாம் நாள் ஜெபராஜ் அழைத்தார். உடம்பு எப்படி, புள்ள எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "மிதவைப் பக்கம் ஒரு நாள் வந்துட்டுப் போறீங்களா? உங்க பெட்டி ஒண்ணு கிடக்கு" என்றார். அவள் பதில் சொல்லாமல் துண்டித்தாள். பெட்டி போனது போனதுதான். பதினைந்தாம் நாள் வாக்கில் கனி சேலையைப் பிடிப்பதை நிறுத்தினாள். அம்மா போறேன் என்றால் வெறுமனே பார்த்தாள். பேச்சியம்மாளுக்கு அது நிம்மதியாக இருந்தது. அதைப் பிறகு நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் நாள் கனிக்குக் காய்ச்சல் கொதித்தது. வடிவு ஊரில் இல்லை, ஒரு சாவுக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கண்ணை மறைத்து நெற்றியோடு ஈரத்துணி போட்டிருந்தார்கள். கீழ்த்தளத்துக்குப் போய் மருந்து வாங்கிவரும்படி நர்ஸ் சொன்னாள். பேச்சியம்மாள் எழுந்ததும் சூடான விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிடித்தன.

"எங்க போற?"

"மருந்து வாங்க."

"திரும்பி வருவியா?"

அவள் தலையாட்டினாள். துணிக்கடியில் பிள்ளைக்கு அது தெரியாது. கையை அழுத்தினாள்.

"கைய அமுக்காத. வாயத் தொறந்து சொல்லு."

அவள் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது தோலோடு வந்தது, கழலவில்லை. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்கு ஏழு வருடம். மிக்கேலின் மனைவி எந்தக் கட்டிலில் கிடந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறேன் கனி."

விரல்கள் விட்டன. பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பத்து நிமிடத்தில் பேச்சியம்மாள் மருந்தோடு ஓடிவந்து, "அம்மா வந்துட்டேன் பாரு" என்று உலுக்கினாள். கனி தூங்கவில்லை. ஆனால் திரும்பவும் இல்லை.

முப்பதாம் நாள் பகல் பதினொன்றரைக்கு, அரிசி களைந்துகொண்டிருந்தபோது, பட்டை கிளிக் என்ற சத்தத்தோடு திறந்து பானைக்குள் விழுந்தது. ஒன்பது வருடம் வெயில் படாத தோல் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. அன்று மாலையே பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் பொதுப்பட்டையைக் கட்டிக்கொண்டு, "செல்லக்கனிக்கு இனி நானே பொறுப்பு" என்று சொன்னாள். பச்சை விழுந்தது. வடிவின் குரல் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. நிறுவனம் தோற்றது. அவள் ஜெயித்துவிட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு நிலையில் நின்றாள். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று, முப்பது நாளும் நெஞ்சில் கிடந்ததைச் சத்தமாகச் சொன்னாள்.

"கனி, அம்மா போயிட்டு வாரேன்!"

கனி பள்ளிக்கூடப் பையின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள்.

"பட்டை இல்லையே."

"கழட்டியாச்சுட்டி. இனிமே அம்மா எத்தன தடவ வேணாலும் சொல்லலாம். வாரேன், வாரேன், வாரேன். போதுமா?"

"பட்டை இல்லாம சொன்னா அது சொல்லு இல்லம்மா." கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அவள் பொறுமையாகச் சொன்னாள். "அது சத்தம்."

பேச்சியம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். பிள்ளை அவளைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள், செருப்பை மாட்டினாள், தெருவில் கால் வைத்தாள். எப்போதும் அங்கே நின்று ஒருமுறை திரும்பிக் கத்துவாள். இன்றும் நின்றாள். திரும்பவில்லை.

"போறேன்" என்றாள்.